கப்பல் பட்டியலும் காய்ச்சல் கொம்பியூட்டரும்

போன கிழமை சந்தைக்குப் போனபோது கைபேசியை ஸ்கூட்டியின் முன்கூடைக்குள்ளேயே மறந்து வைத்துவிட்டேன். திருகோணமலை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும். கால் கிலோ பயற்றங்காயும் ஒரு பிடி வல்லாரையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், திரை கறுத்துக் கிடக்கிறது. நடுவில் ஓர் அறிவித்தல். சூடு கூடிவிட்டதாம், ஆறவிட்டுப் பாவிக்கட்டாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் காலத்துச் சாமான்களுக்கு என்ன பண்பாடு! தனக்கு என்ன வருத்தம் என்று தானே வாய் திறந்து சொல்கிறது. நான் முதன்முதலில் சம்பளத்துக்குப் போன கந்தோரிலும் சூடு தாங்காத ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அது ஒன்றும் சொல்லாது. நடுவேலையில் திரையை நீலமாக்கிவிட்டுப் படுத்துவிடும். மர நிழலில் நின்று தோளில் கிடந்த சோலால் கைபேசிக்கு விசிறிக்கொண்டிருந்தேன், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அப்போது அந்தச் சூடேறிய பிளாஸ்ரிக் மணம் மூக்குக்குள் ஏறியது. சிரிப்பு அதோடு சரி. வீட்டுக்கு வந்தும் சமைக்க மனம் வராமல் குசினியில் சும்மா குந்தியிருந்தேன்.

அந்தக் கந்தோரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு பழைய மாடிக் கட்டடம், அதன் மேல் அறை. ஏ-9 வீதி பூட்டுப்பட்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குத் தரை வழி இல்லை. இரண்டு நாள் அலுவலாகக் கொழும்புக்கு வந்து அகப்பட்டுக்கொண்ட யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து கப்பலுக்குக் காத்துக் கிடந்தது. கப்பல் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வரும், மூன்று கிழமைக்கு ஒருக்கால் வரும், சிலவேளை வராமலே விடும். அதில் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால் மூன்று பேர். மனேஜர் அருளம்பலம் ஐயா, பட்டியலைக் கொண்டுபோகிற சாரதி, நான். எனக்கு இருபத்திரண்டு வயது. அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவேன். ஆறு மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழும் வைத்திருந்தபடியால், எனக்குத் தெரியாதது ஒன்றும் உலகத்தில் இல்லை என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

வேலை இப்படித்தான் நடக்கும். போகிறவர்கள் ஒரு துண்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எழுதித் தருவார்கள். நான் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் அடிப்பேன். அடித்து முடித்த துண்டைப் பக்கத்தில் இருக்கிற கூர்க்கம்பியில் குத்துவேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் 'உள்ளே' போக வேண்டும். உள்ளே என்றால் எங்கே, யாரிடம் என்றெல்லாம் நாங்கள் கதைப்பதில்லை. உள்ளே, அவ்வளவுதான். அங்கே பார்த்து, வேண்டாத பெயர்களைச் சிவப்பு மையால் வெட்டுவார்கள். அடுத்த நாள் விடிய, துறைமுக வாசல் படலையில் நின்று ஒருவர் பட்டியலை வாசிப்பார். பெயர் வந்தால் கப்பல். வராவிட்டால் வெட்டு. உள்ளே போய் ஏன் வெட்டு என்று கேட்ட ஒருவரையும் நான் காணவில்லை. கேட்டால் காரணம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

இனிக் கொம்பியூட்டருக்கு வருகிறேன். யாரோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் பாவித்து அலுத்து, இனி வேண்டாம் என்று தந்துவிட்டுப் போன சாமான் அது. முதல் மாதம் நல்லபடி வேலை செய்தது. பங்குனி பிறக்க விளையாட்டைத் தொடங்கிவிட்டது. அடித்துக்கொண்டிருக்கும்போது சுட்டி அப்படியே உறைந்துபோகும். அல்லது திரை முழுக்க நீலமாகி, விளங்காத எழுத்துகள் நாலு வரி வரும். அல்லது, யாரும் தொடாமலே தன்பாட்டில் நின்று திரும்பத் தொடங்கும்.

நான் என்ன செய்தேன்? சான்றிதழ்காரி அல்லவா, வைரஸ் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினேன். ஒரு முழு நாள் போனது. அடுத்த நாள் பத்தே முக்காலுக்குத் திரும்பவும் நீலம். பிறகு நினைவகத் தட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். வகுப்பில் படிப்பித்த வித்தை அது. பதினொன்றேகாலுக்கு உறைந்துபோனது. கரண்டில்தான் பிழை என்று வயரை மாற்றினேன். அதற்கும் மசியவில்லை. அருளம்பலம் ஐயா தன் பங்குக்கு ஒவ்வொரு வெள்ளியும் மொனிட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்கத் தொடங்கினார். என் வைத்தியத்தை விட அவருடைய பொட்டு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

கடைசியில் நஸீர் நானாவைக் கூப்பிட்டோம். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் வீடு, ரேடியோ ரீவி திருத்துகிறவர். கொம்பியூட்டரைத் தானாகப் பிரித்துப் பூட்டிப் பழகியவர். கிண்ணியாவிலிருந்து 'பாதை' ஏறித்தான் எங்களிடம் வர வேண்டும். ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அது ஓடினால் நஸீர் நானா வருவார், ஓடாவிட்டால் வரமாட்டார். வந்தவர் கொம்பியூட்டரைத் தொடவே இல்லை. ஒரு கொப்பியை எடுத்து, அது படுக்கிற நேரத்தை எல்லாம் ஒரு கிழமைக்கு எழுதி வைக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தார் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன்.

அந்தக் கொப்பிதான் கண்ணைத் திறந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒருநாளும் படுக்கவில்லை. எல்லாம் பத்தரைக்கும் இரண்டு மணிக்கும் இடையில். நடுவில் ஒரு நாள் வெயிலே எறிக்காமல் மழை பெய்தது. அன்று முழுக்க ஒரு பிழையும் இல்லை. நஸீர் நானா கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இதுக்கு ஒரு நோயும் இல்ல. காச்சல்தான் இரிக்கி. இந்த ஜன்னல ஏன் பூட்டி வெச்சிரிக்கீங்க?"

ஏன் என்று அவருக்குத் தெரியாதா என்ன! எங்கள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அது துறைமுகப் பக்கம். கப்பல் வருவதையும் போவதையும் ஒருவரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. ஒரு நாள் இரண்டு பேர் வந்து பலகை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். கடற்காற்று வருகிற ஊரில் இருந்துகொண்டு, பேக்கரிப் போறணைக்குள் பாண் வேகிற மாதிரி நாங்கள் வெந்தோம். எங்களுக்குத்தான் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே கிடந்ததும் வெந்துகொண்டிருந்தது.

பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே நாலு வருடத்துத் தூசி, உப்புக் காற்றில் ஊறிக் கட்டிபட்டுக் கிடந்தது. அதற்குள் காய்ந்துபோன ஒரு பல்லி வேறு. தூசியைப் பெயின்ற் பிறஷால் வழித்து எடுத்தார். பிறகு நடுவில் இருந்த சின்னக் காற்றாடியையும் அலுமினியத் தட்டையும் தூக்கிக் காட்டினார். கொம்பியூட்டரின் மூளைச் சில்லுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் ஒரு பசை இருக்க வேண்டுமாம், அதுதான் சூட்டை மேலே கடத்துவதாம். எங்களுடையது காய்ந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இந்த ஊரில் அந்தப் பசை வாங்க ஏலாது, கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் மூடியைத் திறந்தே வைத்து, மேசை ஃபானை அதன் வயிற்றுக்கு நேரே விடச் சொன்னார்.

பசை வந்த கதையைக் கேளுங்கள். அது ஊசி ஏற்றுகிற சிறிஞ்சுக்குள் அடைத்துத்தான் விற்கிறதாம். நஸீர் நானாவின் மச்சான் கொழும்பிலிருந்து அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைக் கிண்டியபோது, பெயர் விலாசம் இல்லாத ஒரு சிறிஞ்ச், உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ களி. பிறகு கேட்கவா வேண்டும்? இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்து விசாரணை. கொம்பியூட்டருக்குப் பூசுகிற மருந்து என்று அந்த மனிதர் சொல்லச் சொல்ல, விசாரித்தவருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று முழுவதையும் ஒரு கடதாசியில் பிதுக்கி எடுத்துவிட்டு, ஆளைப் போகச் சொல்லிவிட்டார்கள். வெறும் சிறிஞ்சைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அந்த மரியாதையையும் சொல்ல வேண்டும்.

அடுத்த பசை வருவதற்குள் நஸீர் நானா பற்பசை பூசினார். ஓம், பல் விளக்குகிற பற்பசைதான். நான் கேலி செய்தேன். ஆனால் வேலை செய்தது. வெயில் ஏற ஏற அறை முழுக்கப் புதினா மணம். கொம்பியூட்டர் இப்போதுதான் வாய் கொப்பளித்துவிட்டு வந்து குந்தியிருக்கிறது என்று ஐயாவும் சிரித்தார். பத்து நாள்தான் தாங்கும், பிறகு காய்ந்துவிடும், தான் வந்து மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு நஸீர் நானா போனார். பத்தாம் நாள் பாதை ஓடவில்லை. பதினோராம் நாளும் ஓடவில்லை. பற்பசைதானே, நானே பூசியிருக்கலாம். பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் போனால் மானம் போய்விடுமே என்று விட்டுவிட்டேன். கெட்டித்தனம் எல்லாம் கொடி கட்டிப் பறந்தது அவ்வளவுக்குத்தான்.

இந்த நாட்களில்தான் தவமலர் அக்கா வந்துபோய்க்கொண்டிருந்தார். பருத்தித்துறைப் பக்கம். புருஷன் வெளிநாட்டில். அவரிடம் போகிற விசா அலுவலாக இரண்டு நாளுக்கென்று கொழும்புக்கு வந்தவர். ஒன்றரை வயது மகனை அலைக்கழிக்க வேண்டாம் என்று தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். தமக்கைக்குப் பிள்ளை இல்லை, உயிரையே விட்டுப் பார்ப்பாள் என்ற நம்பிக்கை. வந்த கிழமையே வீதி பூட்டுப்பட்டுவிட்டது. எட்டு மாதம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையில் இருந்தார்.

மகனுக்கென்று ஒரு சட்டை வாங்கி வைத்திருந்தார், நீலக் கோடு போட்டது. என் அக்காவின் மகளுக்கும் அதே வயது. அவளுடைய முதுகில் அந்தச் சட்டையை வைத்து அளந்து பார்ப்பார். கப்பல் பிந்தப் பிந்தக் கடைக்குப் போய் ஒரு அளவு பெரிதாக மாற்றிக்கொண்டு வருவார். இரண்டு தரம் மாற்றிவிட்டார். பல்லு முளைச்சிருக்கும் என்ன தங்கச்சி, கதைக்கத் தொடங்கியிருப்பான் என்ன என்று என்னைத்தான் கேட்பார். கலியாணமே கட்டாத எனக்கு என்ன தெரியும்? ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். முதல் இரண்டு கப்பலிலும் இடம் நிரம்பிவிட்டது. மூன்றாவது கப்பலுக்கு இடம் இருந்தது.

அன்று பதினொரு மணி தாண்டி, துண்டை என் கையில் தந்தார்.

"தங்கச்சி, இப்பவே அடிச்சுப்போடுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அவருக்கு முன்னாலேயே அடித்தேன். திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். அடித்ததை இடைக்கிடை புளொப்பித் தட்டில் போட்டு வைப்பேன், அந்த நேரம் இன்னும் வரவில்லை. துண்டைக் கம்பியில் குத்தவும் இல்லை, அவரோடு கதைத்துக்கொண்டிருந்ததில் மேசையிலேயே வைத்துவிட்டேன். இன்னும் மூன்று பெயர் அடித்திருப்பேன். திரை நீலமானது.

எரிச்சலில் எனக்குக் கண் தெரியவில்லை. பதினொன்றரை. அறைக்குள் புதினா மணம் எப்போதோ நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். ஃபானை முழு வேகத்தில் திருப்பி, கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் இன்னும் கிட்ட வைத்தேன். மேசையில் இருந்த துண்டுகள் பறந்து அறை முழுக்கக் கொட்டின. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். கால் மணித்தியாலம் ஆறவிட்டுத் திரும்பத் தொடக்கி, புளொப்பியில் இருந்த பழைய பட்டியலை எடுத்து, கையில் இருந்த துண்டுகளைப் பார்த்து மிச்சத்தைத் திரும்ப அடித்தேன். சாரதி வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறின்ரர் கிறீச் கிறீச் என்று அடித்து முடிக்க பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். பட்டியல் உள்ளே போய்விட்டது. அப்பாடா என்று சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தேன்.

இரண்டரை மணிக்கு ஃபானை நிற்பாட்டினேன். ஒரு துண்டு, ஃபானின் பின்பக்கக் கம்பி வலையில் ஒட்டியபடி இவ்வளவு நேரமும் இருந்தது, காற்று நின்றதும் கழன்று தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். தவமலர் அக்காவின் எழுத்து.

ஓடிப்போய் அருளம்பலம் ஐயாவிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பட்டியல் போன பிறகு ஒரு பெயரைச் சேருங்கள் என்று போய்க் கேட்டால், யார் இந்தப் பொம்பிளை, ஏன் இவ்வளவு அவசரம் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றார். அவவுக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. அடுத்த கப்பலுக்கு முதல் பெயராக அடித்துவிடு என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இல்லை, பொய் சொல்லக்கூடாது. நியாயமாகப் படவில்லை, வசதியாகப் பட்டது. துண்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்று பின்னேரமே அடுத்த ஒழுங்கைக்குப் போய், அக்கா இப்படி நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட நடை. போகவில்லை.

அடுத்த நாள் விடிய அவர் பையோடு படலையில் போய் நின்றிருக்கிறார். எல்லாப் பெயரும் வாசித்து முடித்தார்கள். அவருடைய பெயர் வரவில்லை.

நேரே கந்தோருக்குத்தான் வந்தார். அழவில்லை. முகம் வெளிறிப்போய், பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"ஐயா, என்ர பேரை ஏன் வெட்டினவை?"

அருளம்பலம் ஐயா என்னைப் பார்க்கவில்லை.

"அது எங்களுக்குத் தெரியாது பிள்ளை. உள்ளுக்கு நடக்கிற அலுவல்."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். வெட்டவில்லை அக்கா, நான்தான் விட்டுவிட்டேன் என்ற ஒரே ஒரு வசனம். என்னைத் திட்டியிருப்பார், கை நீட்டி அடித்தும் இருப்பார். அடுத்த கப்பலுக்கு வந்தும் இருப்பார். நான் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழட்டுச் சனியன் அன்றைக்கென்று ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெட்டு என்ற சொல்லுக்கு அந்த நாட்களில் இருந்த கனம் இப்போது யாருக்கும் விளங்காது. வெட்டுப்பட்டவர் என்றால் எங்கேயோ, எந்தக் கொப்பியிலோ பெயர் இருக்கிறது என்று அர்த்தம். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரும் பிள்ளை குட்டிக்காரர், பாவம், பயந்துவிட்டார். இனி இங்கே இருக்க வேண்டாம் என்று வாய் விட்டுச் சொன்னாரோ, முகத்தால் சொன்னாரோ. அன்று பின்னேரம் நான் அந்த ஒழுங்கையால் போனபோது அறை பூட்டியிருந்தது. தவமலர் அக்கா கொழும்பு பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள். தொலைபேசி இலக்கம் ஒருவரிடமும் இல்லை, அல்லது தரப் பயம்.

அடுத்த கிழமை நல்ல பசை வந்து சேர்ந்தது. இந்த முறை நஸீர் நானா அதை ஒரு சந்தனக் கிண்ணத்துக்குள் போட்டு எடுப்பித்திருந்தார். ஒருவரும் தொட்டும் பார்க்கவில்லையாம். பூசினார். அதற்குப் பிறகு நான் அந்தக் கந்தோரில் இருந்த வரைக்கும் அந்தக் கொம்பியூட்டர் ஒருநாளும் படுக்கவில்லை. உங்கட கெட்டித்தனம்தான் நானா என்று ஐயா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் வெளியே போய்விட்டேன்.

மூன்று கிழமை கழித்து அடுத்த கப்பல் வந்தது. லாச்சியைத் திறந்து துண்டை எடுத்து, தவமலர் அக்காவின் பெயரை முதலாவதாக அடித்தேன். எப்படியும் வந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. அடுத்த நாள் விடிய நானும் படலைக்குப் போனேன். பட்டியலை வாசித்தவர் முதல் பெயராக அதைத்தான் வாசித்தார். வெட்டவில்லை, ஒருவரும் வெட்டவில்லை! ஆள் வராததால் இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டார். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தப் படலையில் பெயர் வாசிப்பார் இல்லை. கப்பலும் இல்லை, துண்டும் இல்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது, பாதையைக் கட்டி வைத்துவிட்டார்கள். எங்கள் கந்தோர் இருந்த மேல் அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள், கடல் தெரிகிறது என்பதற்காக வாடகை கூடவாம். அருளம்பலம் ஐயா காலமாகிவிட்டார். எங்கள் இருவரைத் தவிர அந்தத் துண்டைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது, இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். யாழ்ப்பாண பஸ்கள் சோதனை கீதனை இல்லாமல் வரவும் போகவும் தொடங்கியிருந்த காலம். பஸ் நிலையத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். தவமலர் அக்கா. தலை பாதி நரைத்திருந்தது. கோணேசர் கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். தமக்கை குடும்பம் பஸ்ஸுக்குள் இருக்கிறது என்றார். என்னைக் கண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் கையை விடவே இல்லை.

வீதி திறந்த பிறகுதான் ஊருக்குப் போனாராம். இரண்டரை வருடத்துக்கு மேல் கொழும்பில் ஒரு வீட்டுக்குள் ஒளிந்த மாதிரி இருந்தாராம். கப்பலுக்கோ பிளேனுக்கோ பெயர் கொடுக்கவே இல்லை. வெட்டுப்பட்டவள் திரும்பவும் போய்ப் பெயர் கொடுத்து, வினையை விலைக்கு வாங்குவதா என்று இருந்துவிட்டாராம்.

"ஏன் வெட்டினவங்கள் எண்டு இண்டைக்கும் யோசிப்பன் தங்கச்சி. எங்கட சித்தப்பான்ர மகன்தான் என்னைப் பற்றி உள்ளுக்கு எழுதிப்போட்டிருக்கவேணும். காணிப் பிரச்சினை ஒண்டு இருந்தது. அவனோட நான் இப்பவும் கதைக்கிறேல்லை. செத்தாலும் வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்."

 இப்போது சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா..." என்று தொடங்கினேன். அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு ஆறு வயதுப் பையன் இறங்கி ஓடி வந்து அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தான்.

"அன்ரி, அம்மா உங்களை வரட்டாம். பஸ் வெளிக்கிடப்போகுதாம்."

வடிவான பிள்ளை. நான் அவனுடைய கன்னத்தைத் தடவினேன். தமக்கைக்குப் பிள்ளை இல்லை என்று சொன்ன ஞாபகம், பிறகு பிறந்தானாக்கும் என்று நினைத்தேன். அப்படியே கேட்டும் விட்டேன்.

"உங்கட அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததோ? நல்லாப் போச்சு."

அவர் என் கையை விட்டுவிட்டு, பையனுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

"இவன்தான் தங்கச்சி அவன்."

பையன் அதற்குள் திரும்பி ஓடிவிட்டான். அக்காவை அம்மா எண்டு கூப்பிட்டுப் பழகிப்போச்சுது, நான் ஒண்டும் சொல்றேல்லை, அவவும் பாவம்தானே என்று ஏதோ சொல்லிக்கொண்டே தவமலர் அக்கா பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரத்தில் அவன் தமக்கையின் மடியில் ஏறி இருந்தான். தவமலர் அக்காவுக்கு இரண்டு வரிசை பின்னால்தான் இடம் கிடைத்தது. பஸ் புறப்பட்டது. எனக்கு அவர் கை காட்டினார், நானும் சிரித்துக்கொண்டு கை காட்டினேன்.